பின்னறை சில்லென்று இருந்தது

“பில்லைக் காட்டுங்க, பெரியப்பா.”

நான் கேட்டது இவ்வளவுதான், மேடம். மளிகைக் கடையிலும் மருந்துக் கடையிலும் யார் வேண்டுமானாலும் கேட்கிற விஷயம். எங்கள் வீட்டில் மட்டும் கேட்கக் கூடாது. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அம்மா சொல்லி வளர்த்த பாடங்கள் சில உண்டு. ஈரக் கையோடு ஸ்விட்சைத் தொடாதே. தெரியாதவர்கள் கொடுத்தால் வாங்கித் தின்னாதே. பெரியப்பாவிடம் கணக்குக் கேட்காதே.

எங்கே ஆரம்பித்தது என்று கேட்டீர்கள். அங்கேதான். என் விலாசத்தைச் சரிபார்த்து, ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிடலாம் என்றுதான் நீங்கள் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டீர்கள், தெரியும். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தது நான்தான். ஆகவே முழுசாகக் கேளுங்கள். டீ வேண்டாம்.

அது இரண்டு வீடுகள் உள்ள ஒரே வீடு. கீழே பெரியப்பா, பெரியம்மா. மேலே அப்பா, அம்மா, நான். இடம் அண்ணன் தம்பி இருவருக்கும் பொது. கட்டியது பெரியப்பா. அதனால் நாங்கள் சொந்தக்காரர்களும் இல்லை, வாடகைக்காரர்களும் இல்லை. வாடகைக்காரர்களாக இருந்திருந்தால் பில்லைக் கேட்டிருக்கலாம்.

கேட்டுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு தண்ணீர் மீட்டர், பெரியப்பா பெயரில். பில் வந்ததும் அவர் படிக்கட்டுக்குக் கீழே நின்று, கழுத்தை அண்ணாந்து, எங்கள் பங்கு இவ்வளவு என்று சொல்வார். அப்பா மேலேயிருந்து “சரிண்ணே” என்பார். என் அப்பா பெயின்டர். அடுத்தவர் வீட்டுச் சுவரையெல்லாம் பளபளப்பாக்கிவிட்டு வருகிறவர். அவருடைய ஆயுளில் அதிகமாகச் சொன்ன வார்த்தை அந்த “சரிண்ணே”தான் என்று நினைக்கிறேன்.

காரணம் நான். என்னைப் படிக்க வைத்தது பெரியப்பா. இதை நான் மறைக்கவில்லை; மறைக்க நினைத்தாலும் அவர் விட்டிருக்க மாட்டார். வீட்டுக்குள் கால் வைக்கிற எல்லாரிடமும் சொல்வார்: “எங்க குடும்பத்துலயே முதல் பட்டதாரி இவதான். நான்தான் படிக்க வெச்சேன்.” கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர் ஒருமுறை, “போன சிலிண்டருக்கே சொல்லிட்டீங்க சார்” என்றார். பெரியப்பாவும் சேர்ந்து சிரித்தார். நல்ல சிரிப்பு அவருக்கு. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கல்லூரியில் சேர்ந்த அன்று என்னோடு வந்தவர் அப்பா இல்லை, பெரியப்பாதான். அப்பாவுக்கு அந்த இடங்களில் எங்கே நிற்பதென்று தெரியாது. பெரியப்பா பணிமனையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வரிசையில் நிற்கவும் தெரியும், வரிசையை ஒழுங்குபடுத்தவும் தெரியும். எந்தப் படிப்பு என்று கேட்டபோது எனக்கு முன்னால் அவரே சொன்னார்: “சிவில் போட்டுக்குங்க. நம்ம வீட்டுக்குன்னு ஒரு இன்ஜினியர் இருந்தா நல்லதுதானே.”

அதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கோடையின் ஆரம்பத்தில் வந்த பில் வழக்கமாக வருவதைப் போல மூன்று மடங்கு. பெரியப்பா அன்று கீழேயிருந்து கத்தவில்லை. எங்களைக் கீழே வரச் சொன்னார். அப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பெரியம்மாதான் ஆரம்பித்தார்.

“மேல என்ன, ஆறு ஓடுதா?” அம்மாவைப் பார்த்து, “நீ துணி துவைக்கிறியா, இல்ல துணிக்கு நீச்சல் கத்துக்குடுக்கிறியா?”

அம்மா சிரித்தாள். அந்த வீட்டில் அவள் வேலைகளில் அதுவும் ஒன்று. “இனிமே பாத்துப் புழங்கறேன்க்கா” என்றாள்.

“இவளையும் சொல்லணும்” என்று பெரியப்பா என்னைக் காட்டினார். “படிச்சவ குளிச்சா பாதித் தொட்டி காலி. சைட்ல இருக்கிற சிமென்ட்டு மொத்தமும் இவ தலையிலதான் கொட்டுறாங்க போல.”

பங்கு எவ்வளவு என்று சொன்னார். அப்பா வாயைத் திறந்தார். “சரி” வந்துவிட்டது, “ண்ணே” வரவில்லை. அதற்குள் நான் கேட்டுவிட்டேன்.

பெரியம்மா டிவி சத்தத்தைக் குறைத்தார். அப்பா என்னைப் பார்க்கவேயில்லை; தரையைப் பார்த்தார். பெரியப்பா எழுந்து உள்ளே போய் பில்லை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார்.

“படி. படிக்கத்தானே வெச்சேன். எல்லாருக்கும் கேக்குற மாதிரி சத்தமாப் படி.”

படித்தேன். பில் சரியாக இருந்தது. சரியாக இருந்தது மட்டுமல்ல. பழைய பில்களையும் சேர்த்துத்தான் கொண்டுவந்திருந்தார், எல்லாவற்றையும் படிக்கச் சொன்னார். இத்தனை வருஷமும் அவர் எங்களிடம் பாதிகூட வாங்கவில்லை. மூன்றில் ஒரு பங்குதான் வாங்கியிருக்கிறார். யாரிடமும் அதைச் சொன்னதும் இல்லை. சிலிண்டர்காரரிடம்கூட.

அவர் ஏமாற்றியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும், மேடம். நான் இங்கே உட்கார்ந்திருக்க மாட்டேன். ஒரு ஏமாற்றுக்காரரோடு சண்டை போட்டுவிட்டு நிம்மதியாகப் போயிருப்பேன்.

“மன்னிப்புக் கேளுடி” என்றார் அப்பா.

“தப்புதான் பெரியப்பா.”

“பரவாயில்லம்மா. படிச்சவங்க சந்தேகப்படத்தான் செய்வாங்க. அதுக்குத்தானே நாலு வருஷம் பணம் கட்டினேன்.”

மறுநாள் எங்கள் தொட்டிக்கு ஏறும் குழாயின் வால்வில் சங்கிலி சுற்றிப் பூட்டுப் போட்டார். மோட்டார் பக்கத்தில்தான் அந்த வால்வு. காலையில் கொஞ்ச நேரம் திறப்பார்; தொட்டி கால்வாசி நிறைவதற்குள் பூட்டிவிடுவார். சாவியைத் தன் மூக்குக் கண்ணாடிக் கயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார். பேப்பர் படிக்கும்போதெல்லாம் சாவி அவர் கன்னத்தில் இடிக்கும்.

மிச்சத் தண்ணீரை அம்மா கொல்லைக் குழாயில் பிடித்துப் படியேற்றினாள். வெளிப்படிக்கட்டு, ஒரு பக்கம்தான் கைப்பிடி. இரண்டு கையிலும் வாளி இருக்கிறவளுக்குக் கைப்பிடி எதற்கு? நான் வேலைக்குப் போகும் முன் சில நடை ஏற்றுவேன். நான் திரும்பி வருவதற்குள் அவள் பல நடை ஏற்றியிருப்பாள். பிளாஸ்டிக் வாளி எத்தனை கனம் என்று சைட்டில் சித்தாள்களைப் பார்த்தாலே எனக்குத் தெரியும். ஆனால் சித்தாளுக்குக் கூலி உண்டு.

அடுத்த பில் வந்தது. முன்னதைவிட அதிகம்.

இங்கே எந்த மனிதரும் கொஞ்சம் நின்று யோசித்திருப்பார். மேல்வீட்டுக்குத் தண்ணீரே சரியாகப் போகவில்லை, பில் மட்டும் எப்படி ஏறியது என்று. பெரியப்பாவும் யோசித்தார். நாங்கள் கள்ளச் சாவி போட்டுத் திறக்கிறோம் என்ற முடிவுக்கு வந்து, பெரிய பூட்டாக வாங்கிப் போட்டார். யார்மேல் தப்பு என்று தெரிந்துவிட்ட பிறகு யாரும் குழாயைத் தோண்டிப் பார்ப்பதில்லை.

நான் பார்த்தேன். பெரியப்பாவும் பெரியம்மாவும் தங்கள் மகனைப் பார்க்க வெளியூர் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. மேலே கீழே எல்லாக் குழாயையும் இறுக்கி மூடினேன். நிலத்தடித் தொட்டி விளிம்புவரை நிறைந்திருந்தது. மிதவை வால்வு அடைத்துக்கொண்டிருந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் எங்கேயும் போக வழியில்லை. கேட்டுக்குப் போய் மீட்டர் மூடியைத் திறந்தேன். உள்ளே சின்னதாக ஒரு சிவப்புச் சக்கரம் உண்டு. அது சுற்றிக்கொண்டிருந்தது. அவசரமே இல்லாமல், அழகாக.

அப்படியென்றால் பூமிக்குள் எங்கேயோ உடைப்பு. மீட்டரிலிருந்து அந்த நிலத்தடித் தொட்டிக்குப் போகிற பழைய இரும்புக் குழாய் வீட்டின் பக்கவாட்டில் ஓடிப் பின்னறைச் சுவரை ஒட்டித் திரும்புகிறது. சைட்டில் நாங்கள் செய்வதுபோல ஒரு கம்பியின் ஒரு முனையைத் தரையில் ஊன்றி, மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டே போனேன். பின்னறை மூலையில் கேட்டது. பாத்திரத்தில் வெந்நீர் கொதிக்க ஆரம்பிக்குமே, அந்தச் சத்தம்.

அந்த அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும், இப்போது அது இல்லை என்பதால். பெரியப்பா ஓய்வு பெற்ற பணத்தில் பின்னால் இழுத்துக் கட்டியது. அங்கே முன்பு கழிவுநீர்த் தொட்டி இருந்தது. அதை இடிபாடும் மண்ணும் போட்டு மூடி, மேலேயே அறையைக் கட்டிவிட்டார்கள். பாதிச் சுவர் கெட்டி நிலத்தில், பாதிச் சுவர் மூடிய குழியின்மேல். அஸ்திவாரம் என்று சொல்ல முழங்கால் ஆழம்கூட இல்லை. மேலே கான்கிரீட் கூரை. இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? நான் கல்லூரியில் முதல் வருஷம் படிக்கும்போதுதான் கட்டினார்கள். கொத்தனார் மண் கொட்டும்போது பார்த்தேன். “இது இறங்காதா பெரியப்பா?” என்று கேட்டேன். “முதல்ல பாஸ் பண்ணு” என்றார்.

இப்போது அந்தக் குழிக்குள் எத்தனையோ வாரங்களாகத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து எடுத்துக்கொண்டு எங்கேயோ போனது.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது, மேடம். பயம் இல்லை, சந்தோஷம். அம்மாமேல் தப்பில்லை என்று ஒரு சக்கரம் சாட்சி சொல்கிறதே. சரிசெய்வது அரை நாள் வேலை. மண்ணைத் தோண்டி, ஒரு துண்டுக் குழாயை மாற்றி, நல்ல கலவை போட்டுக் கெட்டிப்படுத்திவிடலாம். யாரைக் கூப்பிடுவது என்றுகூட யோசித்து வைத்துவிட்டேன். அவர்கள் ஊரிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் ஓடிப்போய் நின்றேன்.

“பெரியப்பா, தண்ணி எங்க போகுதுன்னு கண்டுபிடிச்சிட்டேன். நம்ம—”

“மீட்டர் மூடியை யார் திறந்தது?”

திருப்பி மூட மறந்திருந்தேன்.

“நான்தான். அதாவது—”

“என் பேர்ல இருக்கிற மீட்டர். நான் ஊர்ல இல்லாத நாளாப் பாத்துத் திறந்திருக்கே. மீட்டரை என்னடி பண்ணினே? கம்பி விட்டு நிறுத்தினியா? இன்ஜினியர் புத்தியெல்லாம் இதுக்குத்தானா?” பக்கத்து வீட்டுக்காரர்கள் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தார்கள். “கேட்டுக்கோ. இனிமே இந்த வீட்டுல தண்ணியைப் பத்தி நீ வாயைத் திறக்கக் கூடாது. ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை பேசினே, உங்கப்பனை இன்னிக்கே பெட்டியைத் தூக்கச் சொல்லிருவேன்.”

அப்பா மேலேயிருந்து இறங்கி வந்து என் வாயைக் கையால் பொத்தினார். பெயின்ட் வாடை அடிக்கிற கை. நானும் பொத்திக்கொண்டேன்.

நான் கீழ்ப்படிந்தேன் என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். வளர்த்தவர்கள் சொன்னபடி கேட்கவில்லை என்று என்னைப் பற்றி ஆயிரம் பேர் சொல்லியிருப்பார்கள். இந்த ஒரு விஷயத்தில் நான் எழுத்துப் பிசகாமல் நடந்தேன்.

ஆனால் அப்போதும் நான் கெட்ட எண்ணம் எதுவும் வைத்திருக்கவில்லை. கோபம் தணிந்ததும் சொல்லலாம், பெரியம்மா வழியாகச் சொல்லலாம் என்றுதான் இருந்தேன். அந்த வாரமே அம்மா விழுந்தாள்.

படியின் நடுவில். இரண்டு வாளியும் அவளுக்கு முன்னால் கீழே வந்து சேர்ந்தன. இடுப்பும் தொடையும் சேருகிற இடத்தில் எலும்பு முறிவு. அறுவைச் சிகிச்சை, தகடு, திருகு. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, “கீழ வாசல்லாம் ஈரமாயிருக்குமே, அக்கா வழுக்கி விழுந்துறாம துடைச்சு விட்டியா?”

துடைத்தேன். அப்போது பெரியப்பா முன்னறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். சாவி கன்னத்தில் இடித்துக்கொண்டிருந்தது. தலை நிமிராமல் சொன்னார், “ரெண்டு வாளியை ஒரே நேரத்துல யாரு தூக்கச் சொன்னா?”

அவ்வளவுதான். ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகும் படியேறி வந்து பார்க்கவில்லை. பெரியம்மா ஒரு தூக்கில் கஞ்சி கொடுத்தனுப்பினார், பாத்திரத்தை மறக்காமல் திருப்பிக் கேட்டார்.

நான் காத்திருந்தேன், மேடம். இது முக்கியம், நிதானமாக எழுதுங்கள். நான் அவரிடம் எதிர்பார்த்தது மன்னிப்பு இல்லை. பணம் இல்லை. பூட்டைக் கழற்றுவதுகூட இல்லை. “உங்கம்மாவுக்கு எப்படி இருக்கு?” என்ற ஒரு கேள்வி. தெருவில் போகிறவர்கள் கேட்டார்கள். கேஸ்காரர் கேட்டார். அந்த ஒரு கேள்வியை அவர் கேட்டிருந்தால், அன்றைக்கே என் கையாலேயே கடப்பாரையை எடுத்துத் தோண்டியிருப்பேன். இதை எந்த இடத்தில் வேண்டுமானாலும் சொல்வேன்.

அம்மாவால் இனிப் படியேற முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், சைட்டுக்குப் பக்கத்தில் தரைத்தளத்தில் ஒரு வீடு பார்த்தேன். சின்னது. ஆனால் தனி மீட்டர். முன்பணம் கொடுத்துவிட்டு வந்து அப்பாவிடம் சொன்னேன். “அண்ணன்கிட்ட எப்படிடி சொல்றது?” என்றார். நானே சொன்னேன். பெரியப்பா, “ஓகோ. சம்பாதிக்கிற திமிரு” என்றார். பிறகு, “போறதுக்கு முன்னாடி ஒண்ணு பாத்துட்டுப் போ” என்று பின்னறைக்குக் கூட்டிப் போனார்.

சுவரில் விரிசல். ஜன்னல் மூலையிலிருந்து கீழே, செங்கல் செங்கலாக, படிக்கட்டுப்போல இறங்கியிருந்தது. மேலே என் சுண்டுவிரல் நுனி நுழையும் அகலம். கீழே வரவர மெலிந்திருந்தது. கதவு நிலை லேசாகக் கோணியிருந்தது. கதவு தரையில் உரசுகிறது என்று பெரியம்மா புலம்பினார். இதைப் பாடப்புத்தகத்தில் படமாகப் போட்டிருப்பார்கள். சுவரின் ஒரு பக்கம் கீழே இறங்குகிறது என்பதற்கு இதைவிட நல்ல படம் கிடையாது.

“நீ இன்ஜினியராச்சே” என்றார். கேலி இல்லை. நிஜமாகத்தான் கேட்டார். “இது என்னன்னு பாரும்மா. பயப்படற மாதிரி ஏதாவதா?”

அந்த வீட்டில் என் படிப்பை வைத்து என்னிடம் ஒருவர் ஒன்று கேட்டது அதுதான் முதல் தடவை. கடைசியும்.

விரலால் தடவிப் பார்த்தேன். சுவரைத் தட்டிப் பார்த்தேன். செய்ய வேண்டியதையெல்லாம் முறைப்படி செய்தேன். பிறகு சொன்னேன், “ஒண்ணுமில்ல பெரியப்பா. வெயிலுக்கு வர்ற விரிசல்தான். எல்லா வீட்லயும் வர்றது. பட்டி வெச்சு அடிச்சா போயிரும்.”

“பாத்தியா?” என்றார் பெரியம்மாவிடம். “சும்மாவா படிக்க வெச்சேன்.”

தண்ணீரைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் அப்பா பட்டி வைத்தார். தம்பி இருக்கும்போது வெளி ஆளுக்கு எதற்குக் கூலி என்று பெரியப்பா கேட்டுவிட்டாரே. அப்பா சுரண்டும் தகட்டைச் சுவரில் வைத்துவிட்டு நிறுத்தினார். “உள்ள ஈரம் இருக்கும்மா. காயாம அடிச்சா நிக்காது. எங்கிருந்து வருதுன்னு பாக்கணும்” என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். நான், “அடிங்கப்பா. நான் பாத்துட்டேன்” என்றேன். நான் படித்தவள். அவர் அடித்தார். வெளிர்நீலம். அப்பா அடித்தால் எந்தச் சுவரும் புதுசாகிவிடும்.

சாயம் காய்ந்த பிறகு பெரியப்பா உள்ளங்கையைச் சுவரில் வைத்துப் பார்த்தார். “அட, சில்லுனு இருக்கே. வெளிய இந்த வெயிலு கொளுத்துது, இங்க ஏசி போட்ட மாதிரி இருக்கு.” மதியத் தூக்கத்துக்கு முன்னறை அனலாக இருக்கிறது, கட்டிலை இங்கே போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டார். என்னிடம்தான் கேட்டார். ஏன் சில்லென்று இருக்கிறது என்று கேட்கவில்லை.

“தாராளமா” என்றேன். கட்டிலின் ஒரு முனையை அவர் பிடித்தார். மறுமுனையை நான் பிடித்தேன். தேக்குக் கட்டில், நல்ல கனம். “சுவரை ஒட்டிப் போடும்மா” என்றார். ஒட்டிப் போட்டேன்.

பெரியம்மாவைப் பற்றி யோசிக்கவில்லையா என்று கேட்பீர்கள். யோசித்தேன். அவருக்கு மூட்டுவலி, குளிர்ச்சி ஆகாது. அவர் அந்த அறையில் படுக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். நான் ஒன்றும் கண்மூடித்தனமாக நடந்துகொள்ளவில்லை.

மிச்சம் உங்களுக்கே தெரியும். நாங்கள் போன பிறகு ஒரு மழைகூடப் பெய்யவில்லை. தேவைப்படவில்லை. ஒரு மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு அந்தச் சுவர் குழிக்குள் இறங்கியது. கூரை கட்டிலின்மேல் இறங்கியது. பெரியம்மா முன்னறையில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ தெருவில் ஜல்லி கொட்டுகிறார்கள் என்று நினைத்ததாகச் சொன்னார். உங்கள் ஆட்கள் தோண்டிப் பார்த்து, துருப்பிடித்த குழாய், பழைய குழி, மண் அரிப்பு, விபத்து என்று எழுதியிருக்கிறார்கள். நல்ல அறிக்கை. நான் படித்தவரை ஒரு தவறும் இல்லை, கடைசிச் சொல்லைத் தவிர.

அழுகை வந்து நான் இங்கே வந்து உட்காரவில்லை. மனசாட்சி உறுத்தி வந்தேன் என்று எழுதினால் கையெழுத்துப் போட மாட்டேன். நான் வந்தது அப்பாவுக்காக. இடிபாட்டிலிருந்து பெரியப்பாவை எடுத்த நாளிலிருந்து அவர் வருகிறவர்களிடமெல்லாம், “என் கையால பூசின சுவருங்க. ஈரம் இருக்குன்னு தெரிஞ்சே பூசினேன். எங்கண்ணனை நான்தான் கொன்னுட்டேன்” என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். சோறு இறங்கவில்லை. பிரஷைத் தொட மாட்டேன் என்கிறார். பட்டி ஒரு சுவரைத் தாங்குவதும் இல்லை, தள்ளுவதும் இல்லை. அது வெறும் பூச்சு. தொழில் தெரியாத பேச்சை என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. அந்தச் சுவர் விழும் என்று தெரிந்தவள் ஒருத்திதான். அவளிடம் முறைப்படி கருத்துக் கேட்கப்பட்டது. அவள் சொன்னாள். அதை யார் கணக்கிலும் எழுதாதீர்கள், என் கணக்கில் எழுதுங்கள். குடும்பத்தின் முதல் பட்டதாரி என்று மறக்காமல் போடுங்கள். அவர் ஆசைப்பட்டது அதுதான்.

ஒரு பொய்க்கு உங்கள் சட்டத்தில் என்ன பிரிவு என்று எனக்குத் தெரியாது. தேடிப் பாருங்கள். எத்தனை தேடினாலும் இதற்கு ஒரு காரணம்தான் அகப்படும்: ஒரு மனிதர், தன் வீட்டுப் படியில் விழுந்தவளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் தோண்டியிருப்பேன். முன்பே சொன்னேன்.

என்ன கேட்டீர்கள்? அவரைக் கடைசியாக எப்போது பார்த்தேன் என்றா?

வீட்டைக் காலி செய்த அன்றுதான். அம்மாவும் அப்பாவும் முதல் வண்டியிலேயே போய்விட்டார்கள். கடைசிச் சாமானையும் ஏற்றி அனுப்பிவிட்டு, மேல்வீட்டுச் சாவியைக் கொடுக்கப் போனேன். பெரியப்பா பின்னறைக் கட்டிலில் சட்டையில்லாமல், முதுகைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்திருந்தார். வெளிர்நீலத்தில் அவர் தலை உயரத்தில் ஈரம் ஒரு கைக்குட்டை அளவுக்குப் பூத்திருந்தது. கண்ணாடிக் கயிறு கழுத்தில் இருந்தது. அதில் வால்வுச் சாவி இல்லை. கழற்றிவிட்டார் போல.

“அந்த ஆணியில மாட்டிடும்மா” என்றார். மாட்டினேன். நிலைப்படி வரைக்கும் வந்துவிட்டேன்.

“ஏம்மா.”

திரும்பினேன்.

“உங்கம்மா கால் இப்ப எப்படியிருக்கு?” சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டார், என்னைப் பார்க்கவில்லை. “மேல வந்து பாக்கணும்னு தெனம் நெனைப்பேன். படியில கால வெச்சா மனசு ஒரு மாதிரி ஆயிருது. எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு வர்றது சொல்லு.”

கட்டிலின் கால் ஒன்று தரையில் சரியாக ஊன்றாமல் இருந்ததைப் பார்த்தேன். அவர் அசைந்தபோது அதுவும் அசைந்தது.

“பரவாயில்ல பெரியப்பா” என்றேன். “நீங்க படுங்க.”

வெளியே வந்து கேட்டைச் சாத்தினேன். மீட்டர் மூடி திறந்தேதான் இருந்தது. அந்தச் சிவப்புச் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. மூடியை மூடிவிட்டு நடந்தேன்.